சொன்னது தேக்கு, வந்தது வேறு: கடையில் வாங்கிய பொருள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மரச்சாமான் கடையில், 'அசல் தேக்கு' என்று சொன்னதை நம்பி ஒரு கட்டில் வாங்கினேன். எட்டு மாதம் கழித்துக் கதவுக் கீல் மாற்ற வந்த ஆசாரி, கட்டிலின் அடிச்சட்டத்தை உளி முனையால் லேசாகக் கீறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மேலே தேக்கு வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு, உள்ளே ரப்பர் மரம். கடைக்குப் போனேன். "தேக்கு என்று நாங்கள் எங்கே சொன்னோம்? பில்லைக் காட்டுங்கள்" என்றார் முதலாளி. பில்லில் 'கட்டில் - 1' என்று மட்டும் இருந்தது. பேசிய சொல் அவர் கடைச் சுவரோடு போயிற்று, பணம் அவர் கல்லாப்பெட்டியோடு போயிற்று.

அதன் பிறகு சட்டத்தைப் படித்தேன். படித்தது தெரிந்ததும் உறவினர்களும் தெருக்காரர்களும் தங்கள் புடவையோடும் மிக்ஸியோடும் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே இருக்கின்றன. எல்லாம் இந்தியச் சட்டத்தை ஒட்டியவை.

கடைக்காரர் வாயால் சொன்னதற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா?

உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 15ஆவது பிரிவு சொல்வது இதுதான்: ஒரு பொருள் இன்னது என்று விவரித்து விற்கப்பட்டால், கொடுக்கும் பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும். மாதிரியைக் காட்டியும் விவரித்தும் விற்றிருந்தால் இரண்டோடும் பொருந்த வேண்டும். துணித்துண்டைக் காட்டி, "இது சுத்தப் பருத்தி" என்றும் சொல்லித் திரைச்சீலைக்கு ஆர்டர் எடுத்தவர், பிறகு வந்து "மாதிரியில் இருந்த அதே துணிதானே கொடுத்திருக்கிறோம்" என்று தப்பிக்க முடியாது. மாதிரியே பாலியஸ்டர் கலந்ததாக இருந்தாலும், அவர் சொன்ன 'சுத்தப் பருத்தி' என்ற சொல் அவரைக் கட்டுப்படுத்தும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இது 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'குறைபாடு' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தரம், அளவு, வீரியம், தூய்மை ஆகியவற்றில் சட்டம் கேட்பதற்குக் குறைவாக இருப்பது குறைபாடு. அதோடு, விற்பவர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும், சொன்ன அளவுக்கு இல்லாமல் இருப்பதும் குறைபாடுதான். 'எந்த வகையில்' என்பதில் பெயர்ப்பலகை, அட்டைப்பெட்டி, துண்டறிக்கை, விளம்பரம், விற்பனையாளரின் வாய்ச்சொல் எல்லாம் அடங்கிவிடும். ஆகவே பொருள் உடைந்திருந்தால்தான் புகார் கொடுக்கலாம் என்பதில்லை. நன்றாக ஓடும் குளிர்சாதனப் பெட்டியாக இருக்கலாம். 5 நட்சத்திரம் என்று விற்று 3 நட்சத்திரம் கொடுத்திருந்தால் அது குறைபாடுள்ள பொருள்.

ஆனால் ஒன்று. புகழ்ச்சி வேறு, விவரம் வேறு. "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பாக இருக்கும்", "ஊரிலேயே நம்பர் ஒன் சோபா" என்பவை வியாபாரப் பேச்சு. அதை வைத்து யாரும் வழக்காட முடியாது. "இது தேக்கு", "இது 250 லிட்டர்", "இது இந்த ஆண்டு வந்த மாடல்" என்பவை சரிபார்க்கக்கூடிய விவரங்கள். சட்டம் இவற்றைத்தான் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் உங்கள் கட்டில் விஷயத்தில் ஏன் தோற்றீர்கள்?

உரிமை இருந்தது, சான்று இல்லை. அவ்வளவுதான்.

பில்லில் என்னவெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

எந்தச் சொல்லுக்காக நீங்கள் அந்த விலையைக் கொடுக்கிறீர்களோ, அந்தச் சொல். பட்டுக்காகக் கொடுத்தால் 'பட்டு', தேக்குக்காகக் கொடுத்தால் 'தேக்கு', புதியது என்பதற்காகக் கொடுத்தால் 'புதியது'. மின்சாதனத்துக்கு மாடல் எண்ணும் வரிசை எண்ணும் வேண்டும். இது கடைக்காரர் செய்யும் உபகாரம் அல்ல. 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புப் பொது விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றோடு பொருளின் விவரமும் அளவும் பில்லில் இருந்தாக வேண்டும்.

கணினியில் பில் போடும் கடைகளில் "சாஃப்ட்வேரில் அப்படித்தான் வரும் சார்" என்பார்கள். வரட்டும். அதே பில்லின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கடை முத்திரையோடு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்கு வேண்டிய தகவலைத் தந்துவிடும்.

எழுதித் தர மறுத்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. பெரும்பாலான கடைகள் இப்போது வாட்ஸ்அப்பில் படமும் விலையும் அனுப்புகின்றன. பணம் கட்டுவதற்கு முன், "நீங்கள் காட்டிய 6க்கு 6½ தேக்குக் கட்டில், முழுவதும் தேக்கு, விலை இவ்வளவு, சரிதானே?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால் அதுவும் ஆவணம். அந்தப் போனை மாற்றும்போது செய்தியை அழித்துவிடாதீர்கள்.

பில்லே தரவில்லை. 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள். என்ன செய்வது?

பில் கொடுக்காமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டுச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. "ஜி.எஸ்.டி. இல்லாமல் போட்டால் உங்களுக்குத்தான் லாபம்" என்ற பேச்சில் மயங்கி நாமே பில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சில நூறு ரூபாய்தான் பின்னால் பல ஆயிரத்தை விழுங்குகிறது.

ஆனாலும் கதவு முழுவதுமாக மூடிவிடவில்லை. யூ.பி.ஐ. பரிமாற்ற விவரம், கார்டு ஸ்லிப், வங்கிக் கணக்கின் பதிவு, கடையின் பெயர் அச்சிட்ட பை, வாரண்டி அட்டையில் குத்திய முத்திரை, டெலிவரி சீட்டு என எல்லாமே விற்பனை நடந்ததைக் காட்டும். துண்டுச் சீட்டையும் எறியாதீர்கள். அதில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று கடைக்காரர்தான் விளக்க வேண்டியிருக்கும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சிட்டிருக்கிறதே?

தமிழ்நாட்டில் பாதிக் கடைகளின் பில்லில் இந்த வரி இருக்கிறது. சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியும் இருப்பார்கள். பொருள் குறைபாடுள்ளதாக இருந்தால் அந்த வரி கடைக்காரரைக் காப்பாற்றாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பில்லில் காலக்கெடு குறித்திருந்தால் அதற்குள் திருப்பித் தர வேண்டும். குறிக்காவிட்டால் 30 நாள். சொன்ன விவரத்தோடு பொருந்தாத பொருளும் குறைபாடுள்ளதே என்று மேலே பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பதில் கிடைத்துவிடும்.

கடையில் நின்று சண்டை போடும்போது பிரிவு எண் தேவைப்படும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆவது பிரிவில் 47ஆவது உட்பிரிவு. இதைச் சொன்னவுடன் முதலாளியை உள்ளே இருந்து கூப்பிடுகிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் வைத்துப் பார்த்தால் எடுப்பாக இல்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

சட்டப்படி உரிமை இல்லை. மனம் மாறியதற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல. 'ஏழு நாளுக்குள் மாற்றித் தருவோம்' என்று கடையே அறிவித்திருந்தால் அந்த வாக்கைக் கடைப்பிடிக்கச் சொல்லிக் கேட்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நம் மக்கள் பலர் கடைக்காரர்மேல் அநியாயமாகக் கோபப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். கடை விளக்கு வெளிச்சத்தில் மெரூன் சிவப்பாகத்தான் தெரியும்; வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது.

ஆடித் தள்ளுபடியில் வாங்கினேன். தள்ளுபடி விலைக்கு உரிமையும் தள்ளுபடியா?

இல்லை. பாதி விலைக்கு விற்றாலும் 'பருத்தி' என்று விற்றது பருத்தியாக இருக்க வேண்டும். ஒரே விதிவிலக்கு: குறையை முன்கூட்டியே காட்டி, அதற்காகவே விலை குறைத்து விற்றிருந்தால் அந்தக் குறைக்காகப் புகார் செய்ய முடியாது. ஓரத்தில் நெசவுப் பிழை இருக்கிறது என்று சொல்லிச் 'செகண்ட்ஸ்' என விற்ற வேட்டியில் அந்தப் பிழையை ஏற்றுக்கொண்டுதான் வாங்குகிறீர்கள். அதே வேட்டி அளவில் அரை முழம் குறைந்திருந்தால் அது வேறு கணக்கு.

'சுத்தப் பட்டு' என்று வாங்கிய புடவை பட்டுத்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வி முகூர்த்த மாதங்களில் அதிகம் வரும். புடவையில் நூல் ஒரு விஷயம், ஜரிகை இன்னொரு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் ஏமாற்று நடக்கிறது.

நூலுக்கு வருவோம். முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாசனையோடு மெதுவாக எரியும். சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான மணி போல நின்றுவிடும். கலப்பு நூலாக இருந்தால் ஊடும் பாவும் வேறு வேறாக இருக்கலாம் என்பதால் இரு திசை நூலையும் பார்க்க வேண்டும். இது வீட்டுச் சோதனை. சண்டைக்குப் போவதற்கு முன் நம் மனத்தைத் தெளிவாக்கிக்கொள்ள உதவும். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தில் நிற்பதற்கு ஆய்வகச் சான்று வேண்டும்.

வாங்கும்போதே மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் நடக்கும் 'சில்க் மார்க்' சீட்டு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஆனால் அந்தச் சீட்டு நூல் இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி. ஜரிகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அசல் ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளிக்குப் பதில் செம்பைச் சுற்றியது 'டெஸ்டட்' ஜரிகை. அதற்கும் கீழே பிளாஸ்டிக் ஜரிகை. மூன்றுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். சில்க் மார்க் சீட்டைக் காட்டி, "பாருங்கள், எல்லாம் ஒரிஜினல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். அப்போது "ஜரிகை என்ன வகை? பில்லில் எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்டதும் ஐம்பதாயிரம் சொன்ன புடவை முப்பதாயிரத்துக்கு இறங்கியதை என் அக்கா கண்ணால் பார்த்தார்.

தங்க நகையில் சொன்ன காரட் இல்லாவிட்டால்?

இந்த ஒன்றில் சட்டம் வாடிக்கையாளருக்கு நல்ல கைப்பிடி கொடுத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்த இந்த எண் ஒவ்வொரு நகைக்கும் வேறு. நகையில் மூன்று முத்திரைகள் இருக்கும்: பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சின்னம், தூய்மை (22 காரட்டுக்கு 916), அந்த ஆறு இலக்க எண். கடையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறகு 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் எண்ணைப் போட்டால் எந்த மையம் முத்திரையிட்டது, என்ன தூய்மை, என்ன வகை நகை என்று காட்டும். 'வகை' என்பதைக் கவனியுங்கள். உங்கள் கையில் இருப்பது வளையல், செயலி 'மோதிரம்' என்று காட்டினால் அந்த முத்திரை வேறு எதிலிருந்தோ வந்திருக்கிறது.

சந்தேகம் வந்தால் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நீங்களே கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். முத்திரையில் உள்ளதைவிடத் தூய்மை குறைவு என்று வந்தால், 2018ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். விதிகளின்படி குறைந்த தூய்மைக்கான தொகையைப்போல இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால் மூக்குத்தி, குழந்தைத் தோடு வாங்கும்போது பில்லில் காரட்டை எழுதி வாங்குவதில் இரட்டிப்புக் கவனம் தேவை. கல் வைத்த நகையில் தங்கத்தின் நிகர எடை தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கல்லுக்குத் தங்க விலை கொடுத்த கதைகள் ஏராளம்.

இனிப்புக் கடையில் பெட்டியோடு சேர்த்து நிறுக்கிறார்கள். இதுவும் இந்தப் பட்டியலில் வருமா?

வரும். ஒரு கிலோ மைசூர்பாகு கேட்டால் ஒரு கிலோ மைசூர்பாகு கொடுக்க வேண்டும். அட்டைப்பெட்டிக்கு மைசூர்பாகு விலை கிடையாது. இதற்கும், எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பதற்கும், பொட்டலத்தில் அளவு குறைவதற்கும் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 இருக்கிறது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அதிகாரிகள் இதைப் பார்க்கிறார்கள். முதலில் கடைக்காரரிடம் "வெறும் பெட்டியை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

பொருள் வேறு என்று கண்டுபிடித்துவிட்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பயன்படுத்துவதை நிறுத்துங்கள். துவைக்க வேண்டாம், ஆல்டர் செய்ய வேண்டாம், வேறு மெக்கானிக்கிடம் திறக்கக் கொடுக்க வேண்டாம். சீட்டு, பெட்டி, தெர்மோகோல் எல்லாம் இருக்கட்டும். படம் எடுங்கள்.

உடனே கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இந்த 'உடனே' முக்கியம். நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டம் கருதும். அப்போதும் இழப்பீடு கேட்கலாம். பொருளைத் திருப்பி எறியும் உரிமை நழுவிவிடும். நான் எட்டு மாதம் தூங்கிய கட்டிலை நினைத்துப் பாருங்கள்.

வேண்டாம் என்று தெரிவித்தால் போதும், பொருளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதே சட்டத்தின் 43ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. இரட்டைக் கதவு பீரோவை மாடியிலிருந்து இறக்கி ஆட்டோ பிடிக்க வேண்டிய தலைவிதி உங்களுக்கு இல்லை. சிறிய பொருள் என்று கொண்டுபோய்க் கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு எழுதி வாங்காமல் வராதீர்கள். பொருளும் அவரிடம் பணமும் அவரிடம் என்றால் பேரம் பேச உங்களிடம் என்ன இருக்கிறது?

பணம் தர மாட்டோம், அதே தொகைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஒப்புக்கொள்ள வேண்டுமா?

விரும்பினால் ஒப்புக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. விவரத்தோடு பொருந்தாத பொருளை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 'கிரெடிட் நோட்' என்ற பெயரில் ஒரு சீட்டைக் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் இதே கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டிப்போடுவது கடைக்காரருக்கு வசதியே தவிர உங்களுக்கு நியாயம் அல்ல.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. பொருளை வைத்துக்கொண்டு விலை வித்தியாசத்தை மட்டும் கேட்கலாம். தேக்குக்கும் ரப்பர் மரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுங்கள், கட்டில் இருக்கட்டும் என்பது சட்டத்துக்கு உட்பட்ட கோரிக்கைதான். அன்றைக்கே தெரிந்திருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன்.

"எங்களுக்குச் சம்பந்தமில்லை, கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்கிறார் கடைக்காரர்.

ஓடாமல் நின்றுபோன மிக்ஸி என்றால் வாரண்டிப்படி சர்வீஸ் சென்டர் சரியான இடம். 750 வாட்ஸ் என்று சொல்லி 500 வாட்ஸ் கொடுத்தது சர்வீஸில் சரியாகிற நோயா? உங்களிடம் பணம் வாங்கியவர் கடைக்காரர், விற்றவரும் அவர். பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். தவறான விவரம் பெட்டியிலேயே அச்சாகியிருந்தால் தயாரிப்பாளரையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். இருவரையும் சேர்த்துவிட்டால், ஒருவரை ஒருவர் கைகாட்டும் ஆட்டம் உங்கள் செலவில் நடக்காது.

அதே பொருளை இணையத்தில் வாங்கியிருந்தால்?

அங்கே விதி இன்னும் தெளிவு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. ஒவ்வொரு மின்வணிக நிறுவனத்துக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும் வீடியோ சட்டத்தின் கட்டாயம் அல்ல, ஆனால் எடுத்து வைத்திருந்தால் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் வேலை நடக்குமா?

அது தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் வாங்கித் தர முயல்வார்கள். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவருகின்றன. தெருமுனைக் கடையிடம் அவ்வளவு பலன் எதிர்பார்க்க முடியாது. உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது ஆணையத்துக்குத்தான் இருக்கிறது. இலவசம் என்பதால் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் அங்கே புகார் கிடக்கிறது என்பதற்காக ஆணையத்தின் காலக்கெடு நிற்காது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வக்கீல் வேண்டுமா? எவ்வளவு செலவு?

வக்கீல் கட்டாயமில்லை. நீங்களே வாதாடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை விசாரிக்கும். அதற்கு மேல் 2 கோடி வரை சென்னையில் உள்ள மாநில ஆணையம். பழைய சட்டத்தில் கடை இருக்கும் ஊரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். தியாகராய நகரில் வாங்கிய புடவைக்குத் திருநெல்வேலியிலிருந்து வழக்குப் போடலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் கடைக்கு ஓர் அறிவிப்புக் கடிதம், ஒப்புகை வரும் வகையில் தபாலில் அனுப்பிவிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், கடைக்காரருக்கு வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்று காட்ட அது உதவும். கடிதத்தில் கோபத்தைக் கொட்டாமல் நாள்வாரியாக எழுதுங்கள்: எப்போது வாங்கினேன், என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தார்கள், எவ்வளவு கட்டினேன், என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும். ஒரு பக்கம் போதும்.

வழக்கு எத்தனை நாள் இழுக்கும்?

சட்டத்தில் மூன்று மாதம். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக ஆகிறது என்பதை மறைத்துப் பயனில்லை. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். கூடுதலாக 15 நாள் வரை தரலாம். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது. எனவே வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டுவது முன்போல எளிதல்ல.

பட்டா, தேக்கா, எத்தனை காரட் என்ற சர்ச்சையில் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். ஜெயித்தால் பொருளின் விலை, வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். ஆயிரம் ரூபாய்ச் சட்டைக்கு ஐந்து லட்சம் இழப்பீடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்கலாம், கிடைக்காது, வழக்கின் கௌரவமும் போகும்.

தீர்ப்பு வந்தும் கடைக்காரர் அசையாவிட்டால் நிறைவேற்று மனு போடுங்கள். ஆணையத்தின் உத்தரவை மீறுபவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடைக்காகவோ தொழிலுக்காகவோ வாங்கினால் நானும் நுகர்வோரா?

மறுவிற்பனைக்கு வாங்கினால் இல்லை. சொந்தப் பிழைப்புக்காக, நீங்களே வேலை செய்யும் சுயதொழிலுக்கு வாங்கினால் உண்டு. ஒரு தையல்காரம்மா தானே தைக்க வாங்கிய மிஷினுக்கு அவர் நுகர்வோர். இருபது ஆள் வைத்து நடத்தும் கார்மெண்ட்ஸ் முதலாளி தன் மிஷினுக்கு நுகர்வோர் அல்ல. அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய பழைய பைக் விஷயத்திலும் அப்படித்தான்: அவர் வணிகர் அல்ல என்பதால் நுகர்வோர் ஆணையம் பார்க்காது.

அப்பா வாங்கிக் கொடுத்த சீர்வரிசை. பில் அவர் பெயரில். நான் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்.

போலீஸுக்குப் போனால் வேகமாக முடியாதா?

வேண்டுமென்றே பொய் சொல்லி ஏமாற்றினால் அது குற்றம்தான். ஊர் வழக்கில் '420' என்பது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆவது பிரிவு. ஆனால் ஏமாற்றும் எண்ணம் இருந்ததை நிரூபிப்பது கடினம். பெரும்பாலும் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரபல பிராண்டின் பெயரில் போலி விற்பது போன்றவற்றில் போலீஸ் வழி பொருத்தமானது. உங்கள் பணம் திரும்ப வர வேண்டுமென்றால் ஆணையம்தான் நேர்வழி.

மாதத் தவணையில் வாங்கினேன். தவணையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். கடன் ஒப்பந்தம் நிதி நிறுவனத்தோடு, சண்டை கடைக்காரரோடு. நிறுத்தினால் கடன் மதிப்பெண்தான் அடிபடும். நிதி நிறுவனத்துக்கும் கடிதத்தின் நகலை அனுப்பி வையுங்கள். கார்டில் முழுத் தொகையும் கட்டியிருந்தால், விவரத்தோடு பொருந்தாத பொருள் என்று சொல்லி வங்கியிடம் 'சார்ஜ்பேக்' (கட்டிய தொகையைக் கார்டுக்கே திருப்பி வாங்கித் தருவது) கேட்டுப் பாருங்கள். காலக்கெடு குறைவு என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் கட்டில் கடைசியில் என்ன ஆயிற்று?

அதில்தான் இன்றும் தூங்குகிறேன். ரப்பர் மரம் அப்படியொன்றும் மோசமில்லை. போன வருடம் வேறொரு கடையில் அலமாரி வாங்கப் போனேன். "முழுத் தேக்கு" என்றார் விற்பனைப் பையன். "பில்லில் எழுதுங்கள், தம்பி" என்றேன். எழுதிக்கொண்டு போய் முதலாளியிடம் நீட்டினான். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், பில்லைக் கிழித்தார், புதிதாக ஒன்று எழுதினார். அதில் 'தேக்கு வெனீர் ஒட்டிய பிளைவுட் அலமாரி' என்று இருந்தது. விலையில் 9,000 ரூபாய் குறைந்திருந்தது.